யோசமிட்டில பாறை ஏறுறவங்களோட ஃபெலோஷிப், ரெண்டு நாள் போயிட்டு வந்த ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5-க்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை எங்க போச்சுங்கறது கீழ வரும். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பே ஏரியால ஒரு கிளைம்பிங் ஜிம்ல பழக்கமான பதினாலு பேர் சேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை கலிஃபோர்னியால இருக்கற யோசமிட்டி தேசியப் பூங்காவுக்கு கிளம்பறாங்க. சனிக்கிழமை பாறை ஏறுறது, ராத்திரி ஜெபம், ஞாயித்துக்கிழமை ஆராதனை. பேர் போடல, ஏன்னா அவங்களே விளம்பரம் வேணாம்னு சொன்னாங்க, வாய்வழியாதான் ஆள் சேருது. அமெரிக்கால பாறை ஏறுறவங்க நடுவுல ஊழியம் பண்றது புதுசு இல்ல, சாலிட் ராக் கிளைம்பர்ஸ் ஃபார் கிரைஸ்ட்னு ஒரு அமைப்பே இருக்கு, ஆனா நான் போனது அது இல்ல, இது வீட்டு ஜெபக்கூட்டம் மாதிரி சின்ன குரூப்.

உண்மைய சொல்லணும்னா பயந்துகிட்டேதான் போனேன். நான் பாளையங்கோட்டைல சண்டே ஸ்கூல்லயே வளந்தவ, ஜெபம் எனக்கு புதுசு இல்ல, பயம் வேற. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேற ஸ்டேட்ல வேற ஒரு குரூப்போட போனேன், எனக்கு பிலே பண்ணவர், அதாவது கீழ நின்னு கயித்தப் பிடிச்சுக்கறவர், பக்கத்துல புதுசா வந்த ஒரு பையனுக்கு சாட்சி சொல்லிக்கிட்டே நின்னார். நான் முப்பது அடி மேல, கை விட்டுப்போகுது, "டேக்! டேக்!"னு, அதாவது கயித்த இறுக்குங்கன்னு கத்துறேன், அவருக்கு காதுல விழல, கயிறு தொளதொளன்னு கிடந்துருக்கு, விட்டதும் ஆறேழு அடி சறுக்கி வந்து கணுக்கால் பாறைல மோதுச்சு. மூணு வாரம் நொண்டி நொண்டி ஆபீஸ் போனேன். இறங்கினதும் அவர் சொன்னது "கர்த்தர் காப்பாத்திட்டார்". காப்பாத்தினார்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா கயித்தப் பிடிக்க வேண்டிய கை உங்களுது இல்லையா அண்ணா? அதுக்கப்புறம் கிறிஸ்தவ கிளைம்பிங் குரூப்னு கேட்டாலே ஒதுங்கிருவேன்.

இந்த தடவை கூட வேலை பாக்கற கோயம்புத்தூர் பொண்ணு ஒருத்தியும் வர்றேன்னா. கிளம்பறதுக்கு முந்தின நாள் கேக்கறா, "அக்கா, கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே, இவங்க மதம் மாத்தறதுக்கு கூப்பிடறாங்களா?" நான் சொன்னேன், "ஜெபம் பண்ணுவாங்க, பாடுவாங்க, இஷ்டம்னா உக்காரு, இல்லேன்னா டென்ட்ல தூங்கு, யாராவது உன்ன நெருக்கினா அந்த நிமிஷமே கார எடுத்துருவேன்". சொல்லிட்டேனே தவிர உள்ளுக்குள்ள எனக்கே உறுதி இல்ல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி நேரம் ஓட்டி, பூங்காவுக்குள்ள டென்ட் போடற இடமான கேம்ப் 4 போய்ச் சேந்தோம். தெரியாதவங்களுக்கு, இது பாறை ஏறுறவங்களுக்கு ஒரு தாய்வீடு மாதிரி. 1958-ல எல் காப்பிட்டன்ங்கற பெரிய பாறைச் சுவரோட நோஸ் ரூட்ட (ரூட்டுன்னா பாறைல ஏறுற பாதை) முதல் தடவையா ஏறி முடிச்ச காலத்துலருந்து உலகத்துல எங்கேருந்து வந்தாலும் இங்கதான் டென்ட் போடுவாங்க. 1997 வெள்ளத்துக்கு அப்புறம் பக்கத்துல கட்டடம் கட்டப்போறோம்னு பார்க் நிர்வாகம் சொன்னப்ப ஏறுறவங்க கோர்ட் வரைக்கும் போய் போராடினாங்க, 2003-ல வரலாற்று இடங்கள் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. ஒரு சைட்டுக்கு ஆறு பேர்தான், சீசன்ல முன்னாடியே புக் பண்ணணும். கரடி வரும்ங்கறதால சாப்பாடு, டூத்பேஸ்ட் எல்லாம் இரும்புப் பெட்டில வச்சு பூட்டிடணும், கார்லயும் ராத்திரி வைக்கக்கூடாது. ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு கொண்டுவந்த அப்பமும் திராட்சை ரசமும் அந்த கரடிப் பெட்டிக்குள்ளதான், நூடுல்ஸ் பாக்கெட்டுக்கும் பீநட் பட்டர் டப்பாவுக்கும் நடுவுல, ஒரு வெள்ளைத் துணில சுத்தி வச்சிருந்தாங்க. எனக்கு அத பாத்ததும் மனசு நெகிழ்ந்துருச்சு.

சனிக்கிழமை ஏறப் போன பாறை சர்ச் பௌல். யோசமிட்டி பள்ளத்தாக்கோட வடக்குப் பக்கம், அவானி ஹோட்டலுக்குப் போற வழி. ஒரு காலத்துல திறந்தவெளில ஆராதனை நடந்த இடம்ங்கறதாலதான் இந்தப் பேரே, ரூட்டுக்கும் பிஷப்ஸ் டெரஸ்னு எல்லாம் பேர் வச்சிருக்காங்க. புதுசா வர்றவங்களுக்கு 5.4, 5.7 இருக்கு (ரூட் எவ்ளோ கஷ்டம்ங்கறதுக்கான நம்பர், ஏற ஏற கஷ்டம்), கொஞ்சம் பழகினவங்களுக்கு 5.8 விரிசல்கள். பாறை தெக்கு பாத்து நிக்கறதால வெயில் ஏறிடுச்சுன்னா கிரானைட் சுடும், சீக்கிரம் போயிடுங்க.

பாறை அடில, குரூப்ப நடத்துறவரு முதல்ல சொன்ன வார்த்தைய கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. "கயித்துல ஒரு ஆள் இருக்கற வரைக்கும் பிலே பண்றவர் யார்கிட்டயும் பேசக்கூடாது, ஆண்டவரைப் பத்திக்கூட பேசக்கூடாது." அவ்ளோதான், அதுதான் அன்னைக்கு தியானம். அப்புறம் ஒவ்வொரு ஜோடியா நிக்க வச்சு செக் பண்ணாங்க. ஹார்னஸ், அதாவது இடுப்புல கட்டற பெல்ட், அதோட பக்கிள் திரும்பப் போட்டிருக்கா, எட்டு வடிவ ஃபிகர் எய்ட் முடிச்சுல ரெண்டு ரெண்டா அஞ்சு ஜோடி இழை தெரியுதா (விரல வச்சு எண்ணிக் காட்டணும், கண்ணால பாத்தேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க), கராபினர்ங்கற கொக்கி வளையம் லாக் ஆகியிருக்கா, கிரிகிரில, அதாவது பிலே பண்ற கருவில, கயிறு சரியான பக்கம் போயிருக்கா. என்னோட முடிச்சு சரியாத்தான் இருந்துச்சு, முடிச்சுக்கு வெளில மிஞ்சற வால் மட்டும் கம்மியா இருக்குன்னு அவிழ்த்து திரும்ப போடச் சொன்னாங்க. எல்லாம் முடிச்சிட்டு அஞ்சு செகண்ட் தலை குனிஞ்சு ஒரு ஜெபம். செக் முதல்ல, ஜெபம் அப்புறம், இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

கோயம்புத்தூர் பொண்ணுக்கு விரிசல்ல கைய நுழைச்சு இறுக்கறது சுத்தமா வரல, வலிக்குது வலிக்குதுன்னு பாதில இறங்கிட்டா. நடத்துறவரோட மனைவி அவள உக்கார வச்சு புறங்கைல வெள்ளை டேப்ப விரல் நடுவுல விட்டு விட்டு சுத்தினாங்க, அப்புறம் கைய நீட்டி விரிசலுக்குள்ள விட்டு கட்டைவிரல உள்ளங்கைக்குள்ள மடக்கச் சொன்னாங்க, மடக்கினதும் கை உப்பி ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. "தொங்கிப் பாரும்மா"ங்கற மாதிரி கையால ஜாடை காட்டினாங்க, அவ தொங்கினா, சிரிச்சா பாருங்க, அந்த சிரிப்புக்கே நாலு மணி நேரம் ஓட்டினது தகும். மூணாவது முயற்சில மேல தொட்டுட்டா. அந்த அம்மா அவகிட்ட ரெண்டு நாளும் பைபிள்ங்கற வார்த்தையே எடுக்கல.

சுவிசேஷம் சொல்றதுன்னா இவங்க பண்றது இதுதான். பக்கத்து ரூட்டுல ரெண்டு பசங்க, கயிறு ஒரு இடத்துல உரசி உறை கிழிஞ்சு உள்ள வெள்ளையா தெரிஞ்சுது, அன்னைக்கு ஏற முடியாதுன்னு மூஞ்சி தொங்கிப்போச்சு. இவங்க கைவசம் கூடுதலா இருந்த கயித்த தூக்கி குடுத்துட்டாங்க, சாயங்காலம் கேம்ப்ல குடுங்கன்னு. அந்த பசங்க ராத்திரி கயித்தோட வந்தவங்க சாப்பாட்டுக்கும் உக்காந்தாங்க, அப்புறம் ஜெபத்துக்கும் உக்காந்தாங்க, ஒருத்தர் மட்டும் நடுவுல எழுந்து போனார், யாரும் ஏன்னு கேக்கல. துண்டுப் பிரசுரம் ஒண்ணுகூட நான் பாக்கல.

ராத்திரி ஜெபத்துல நடத்துறவரு ஓய்வு குடுத்த பழைய கயிறு ஒண்ண எடுத்து கத்தியால அறுத்துக் காட்டினார். வெளில கலர் உறை, உள்ள வெள்ளை வெள்ளையா இழைகள், ஒரு இழைய எடுத்து முறுக்கப் பிரிச்சா அது மூணு புரி. தலைல மாட்டற லைட் வெளிச்சத்துல எல்லார் கைக்கும் மாறி மாறி வந்துச்சு. பிரசங்கி நாலாம் அதிகாரம் வாசிச்சாங்க, இங்கிலீஷ்லதான், எனக்கு ஆனா மனசுக்குள்ள "முப்புரிநூல் சீக்கிரமாய் அறாது"ன்னு தமிழ்லயே ஓடுச்சு, அம்மா கல்யாண வீட்டுல எல்லாம் சொல்ற வசனம். இத்தன வருஷமா கேட்ட வசனத்த கைல பிடிச்சுப் பாத்தது அன்னைக்குத்தான்.

ஞாயித்துக்கிழமை காலைல கேம்ப் 4-ல ரேஞ்சர்கள் நடத்துற கிளைம்பர் காபி இருக்கு, அது சர்ச் சம்பந்தப்பட்டது இல்ல, பார்க்கோடது, சொந்த கப் கொண்டுபோங்க. எந்தப் பாறை மூடியிருக்கு, எங்க வல்லூறு கூடு இருக்குன்னு நேர்ல கேட்டு தெரிஞ்சுக்கலாம். அப்புறம் யோசமிட்டி வேலி சேப்பல். 1879-ல கட்டின மரக் கோயில், 1901-ல இப்ப இருக்கற இடத்துக்கு நகத்திக் கொண்டுவந்தாங்க. சின்னதுதான், ஆனா வெளில வந்து நிமிந்தா எதிர்ல பாறைச் சுவர் வானம் வரைக்கும் நிக்குது. சுற்றுலா வந்த குடும்பங்க, பார்க்ல வேலை பாக்கறவங்க, கை முழுக்க, வழுக்காம இருக்க பூசற சாக் பவுடரும் டேப் பசையுமா நாங்க, எல்லாம் ஒரே பெஞ்சுல. ஷூ போட்ட கால் அழுக்குன்னு யாரும் ஒரு மாதிரி பாக்கல. பள்ளத்தாக்குக்கு எதுக்கு வந்தாலும் ஞாயித்துக்கிழமை இங்க ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போங்கன்னு சொல்வேன்.

இப்ப அந்த அரை. சனிக்கிழமை பதினாலு பேருக்கு ரெண்டு கயிறுதான் போட்டாங்க, ஒரு தடவை ஏறிட்டு அடுத்த முறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருந்தேன், அதே நேரம் வேற ஆட்களும் அந்த ரூட்டுக்கு வந்து நின்னாங்க. பொது இடத்துல இவ்ளோ பெரிய கூட்டம் ஒரே பாறைய பிடிச்சு வச்சிருக்கறது நல்ல சாட்சி இல்ல, ரெண்டா பிரிஞ்சு வேற வேற இடத்துக்கு போயிருக்கலாம். ராத்திரி பாட்டும் பத்து மணிய ஒட்டிப் போச்சு, பத்துக்கு மேல கேம்ப்ல சத்தம் கூடாது, விடிகாலைல பெரிய சுவர் ஏறப் போறவங்க பக்கத்துலயே தூங்கறாங்க. ரெண்டையும் நான் நேராவே சொன்னேன், நோட்டுல எழுதிக்கிட்டாங்க, சாக்கு சொல்லல.

செலவுன்னு பாத்தா பெட்ரோல் பங்கு, சாப்பாட்டு பங்கு, கேம்ப்புக்கு தலைக்கு ராத்திரிக்கு 10 டாலர், கார் உள்ள போக 35 டாலர். ஹார்னஸ், ஹெல்மெட் இல்லாதவங்களுக்கு அவங்களே குடுத்தாங்க, காணிக்கை தட்டு சுத்தல. ஷூ மட்டும் சொந்தமா எடுத்துட்டுப் போங்க. பிலே தெரியாதவங்க ஜிம்லயே கத்துக்கிட்டு வரணும்னு கண்டிஷன் போடறாங்க, அது சரியான கண்டிஷன். சின்னக் குழந்தை இருக்கறவங்க யோசிச்சு முடிவு பண்ணுங்க, பாறை அடில கல் விழற இடம் அது, பாத்துக்க தனியா ஆள் கிடையாது.

திரும்பி வர்ற வழில கோயம்புத்தூர் பொண்ணு டேப்ப உரிச்சிக்கிட்டே கேட்டா, "அக்கா, அடுத்த தடவை சனிக்கிழமைக்கு மட்டும் வந்தா ஒத்துக்குவாங்களா?" நடத்துறவருக்கு மெசேஜ் போட்டோம். மலை இறங்கி சிக்னல் வந்ததும் பதில் வந்துச்சு, தாராளமா வாங்க, ஆனா முடிச்சு நீங்களே போடணும், நாங்க எண்ணிப் பாப்போம்னு.