மடித்த மேப்பா, நீலப் புள்ளியா?

சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் காகித மேப்பா, போன் மேப்பா என்ற ஒப்பீடே வேண்டாம், போன்தான். காகித மேப்புக்கு அச்சான அன்றே வயசாகத் தொடங்கிவிடுகிறது. முன்னால் சாலை அடைபட்டிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? தப்பாகத் திரும்பிவிட்டாலும் போன் கோபித்துக்கொள்ளாமல் வேறு வழி போட்டுத் தருகிறது. பக்கத்து சீட்டில் மேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

நெட் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கின் சிக்னல் கிடைத்தால் போதும். வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்பதை வைத்துப் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். நெட் வேண்டியது படத்துக்குத்தான், அதை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2000 மே வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இப்போது உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பும்போதுதான் நம் இடத்தைக் காட்டும் அந்த நீலப் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவுகிறது.

சரி, காகிதத்திடம் என்ன இருக்கிறது? அதில் நீலப் புள்ளி இல்லை, அதுதான் விசேஷம். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஆறு இடப்பக்கம், ரயில் பாதை பின்னால், அப்படியானால் இந்த முனையில்தான் நிற்கிறோம் என்று விரலை வைக்கும் அந்த நொடியில் ஊர் மண்டையில் ஏறிவிடுகிறது. போன் சொன்னபடி பத்துத் தடவை போன இடத்துக்குப் பதினோராவது தடவை தனியாகப் போகச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அந்த ஓட்டுநர்களின் மூளையை நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு ஸ்கேன் செய்து பார்த்தது. இடநினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பாகம் அவர்களுக்குப் பெரிதாக இருந்ததாக 2000இல் அறிவித்தது. பிறவியிலேயே அப்படியோ என்ற சந்தேகத்துக்கு 2011இல் வந்த ஆய்வு பதில் சொன்னது: பயிற்சி பெற்றுத் தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. போனைப் பார்த்து ஓட்டினால் மூளை சுருங்கும் என்று இதற்கு அர்த்தமில்லை, அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன்.

ஊருக்குள் நான் இரண்டையும் கலந்துகொள்கிறேன். கிளம்பும் முன் முழு ஊரையும் விரித்து ஒருமுறை பார்த்துவிடுவேன். போனிலும் வடக்கு எப்போதும் மேலே இருக்கும்படி வைத்திருக்கிறேன். நாம் திரும்பும்போதெல்லாம் படமும் சேர்ந்து திரும்பினால் எதுவும் மனதில் தங்காது.

மலையேற்றத்துக்குக் காகிதமும் திசைகாட்டியும் கட்டாயம். 1:50,000 மேப்பில் 2 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோமீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே செங்குத்து. குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும். மேப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்தால் முதலில் கிழிவது மடிப்புதான், நமக்கு வேண்டிய இடமும் எப்படியோ அந்த மடிப்பில்தான் இருக்கும்.