ஆக்சிலரேட்டர்: கேபிளா, எலக்ட்ரானிக்கா?

கேபிள் உள்ள பழைய காரில் மிதியை அழுத்தினால் கம்பி இழுபடும், என்ஜினின் காற்று வழியில் உள்ள த்ராட்டில் தட்டு திறக்கும், காற்று உள்ளே போகும். நடுவில் யாரும் இல்லை. பாதத்துக்கும் என்ஜினுக்கும் இடையே இருந்த அந்த நேரடி உறவு எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் கம்பி நாளடைவில் தளரும், துருவேறும், உறைக்குள் சிக்கினால் மிதி மேலே வராது.

எலக்ட்ரானிக் முறையில் மிதி ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதிலுள்ள சென்சார் சொல்வதைக் கேட்டு, தட்டை எவ்வளவு திறப்பது என்று கணினி முடிவு செய்கிறது. ஒரு சின்ன மோட்டார் திறக்கிறது. 1980களின் இறுதியிலேயே பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் இது வந்துவிட்டது.

பெரிய லாபம் வழுக்கும் சாலையில்தான். ஈரத்தில் சக்கரம் சுழலத் தொடங்கியதும், உங்கள் கால் மிதியிலேயே இருந்தாலும் கணினி தட்டைச் சற்று மூடிவிடும். கேபிளில் இதற்குத் தனியாக இன்னொரு ஏற்பாடு வேண்டும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்கும், மிதியை அழுத்தாதபோது என்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலிங்குக்கும் அப்படியே.

'சென்சார் கெட்டால் என்ன ஆகும்?' என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் மிதியில் பொதுவாக இரண்டு சென்சார்கள். இரண்டும் முரண்பட்டால் கணினி வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஓரங்கட்டும் அளவுக்கு மட்டும் ஓடவிடும். கேபிள் அறுந்தால் அதுவும் கிடையாது.

மிதித்ததும் வரும் சிறு தாமதம் சில கார்களில் எரிச்சல்தான். பழுதானால் செலவும் கூடுதல். ஆனாலும் மழை நாளில் வீட்டாரை ஏற்றிச் செல்ல நான் எலக்ட்ரானிக்கையே எடுப்பேன்.