மிக்ஸி மேல் போட்ட பழி: மூன்று வருஷ ஸ்மார்ட் வீட்டு அனுபவம்

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு. மூன்று வருஷத்துக்கு முன்பு, போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்யக்கூடிய ஒரே ஒரு வைஃபை பிளக்கில் ஆரம்பித்தது. இப்போது ஒன்பது பல்பு, ஆறு பிளக், ஆள் நடமாட்டம் கண்டால் விளக்கைப் போடச் சொல்லும் நாலு மோஷன் சென்சார், ஒரு கதவு சென்சார், வாசலில் ஒரு கேமரா என்று வந்து நிற்கிறது. பல்பும் சென்சாரும் பேசுவது ஜிக்பீ என்ற குறைந்த மின்சக்தி ரேடியோவில், பிளக்கும் கேமராவும் வைஃபையில். எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டரில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே அனுபவம் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு வந்த தொல்லை ஒன்றுகூட முதல் வாரத்தில் வரவில்லை.

தொல்லை வரும் நேரம் காலை ஏழே கால். வாசல் கேமராவில் படம் அப்படியே நின்றுவிடும். கீசர் பிளக் ஆஃப்லைன் என்று காட்டும். ரெண்டு நிமிஷத்தில் தானே சரியாகும். அதே நேரத்தில் அடுக்களையில் அம்மா சட்னி அரைத்துக்கொண்டிருப்பார். மிக்ஸி ஓடினால் பழைய டிவியில் கோடு கோடாக ஓடுமே, அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிப் பொறி பறக்கிறது, அதுதான் சிக்னலைக் கெடுக்கிறது என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். ஸ்பைக் கார்டு வாங்கி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

"கீசர் வேணும்னா எழுந்து போய் சுவிட்சைப் போடு. அதுக்கு மிக்ஸியை ஏண்டா திட்டறே?" என்றார் அம்மா.

எட்டு மாசம் கழித்து மிக்ஸி ரிப்பேருக்குப் போனது. நாலு நாள் சட்னி இல்லை, மிளகாய்ப்பொடிதான். ஏழே காலுக்குக் கேமரா வழக்கம்போல நின்றது. அப்போதுதான் அடுக்களையில் வேறு என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தேன். மைக்ரோவேவ் ஓவன், மகனுக்குப் பால் சுட வைக்க ஒன்றரை நிமிஷம். இத்தனை நாள் மிக்ஸி போட்ட சத்தத்தில் இது ஓடுவதே காதில் விழவில்லை.

ஓவனில் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் குழாயான மேக்னட்ரான் வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையும் அதே தெருதான். ஓவனுக்குள் 800 வாட் சுற்றுகிறது. வீட்டு ரூட்டர் அனுப்புவது பெரும்பாலும் 0.1 வாட் அளவுதான். கதவிடுக்கில் கசிவது உடம்பை ஒன்றும் செய்யாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பிளக்குக்கு ரூட்டர் பேசுவது கேட்காமல் போக அது போதும்.

சந்தேகம் தீர ஒரு கிண்ணம் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து கீசர் பிளக்குக்குப் பிங் விட்டேன், அதாவது 'இருக்கிறாயா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டு, பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தேன். 6, 8, 7 மில்லிசெகண்டில் பதில் வந்துகொண்டிருந்தது. ஓவனைத் தட்டியதும் 240, 910, அப்புறம் பதிலே இல்லாமல் டைம் அவுட், டைம் அவுட், திடீரென்று ஒரு 35. மணி அடித்து நின்றதும் மறுபடி 7. நடுவில் அந்த 35 எப்படி வந்தது என்றால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஓவன்களில் மேக்னட்ரான் மின்சாரத்தின் பாதி அலையில்தான் எரியும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு அலைக்கு 20 மில்லிசெகண்ட். ஆக ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் இரைச்சல், 10 மில்லிசெகண்ட் அமைதி. அந்த இடைவெளியில் நுழைந்த பாக்கெட், அதாவது டேட்டாத் துண்டு, பிழைத்துக்கொண்டது.

ரூட்டர் இருந்தது ஃபிரிட்ஜ் தலையில். இணைப்புக் கொடுக்க வந்தவர் ஒயர் எட்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போனார், நானும் விட்டுவிட்டேன். ஓவன் அங்கிருந்து இரண்டடி. ரூட்டரை ஹாலுக்கு மாற்றி, 2.4 பட்டைக்குள் அது பேசும் தடத்தை, அதாவது சேனலை, 11-இலிருந்து 1-க்கு இறக்கினேன். சேனல் 11-இன் நடுப்புள்ளி 2462 மெகாஹெர்ட்ஸ், ஓவன் அட்டகாசம் செய்யும் இடத்திலேயே. சேனல் 1 என்றால் 2412, கொஞ்சம் தள்ளி. போன், டிவி எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டன. என் பிளக்குகளுக்கு 2.4 தவிர வேறு தெரியாது. கேமரா அன்றிலிருந்து நிற்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியவில்லை. கையை ஆட்டினேன், திரும்பி நடந்தேன், ம்ஹும். படுக்கையில் வந்து விழுந்த பிறகு எரிந்தது. ஜிக்பீயும் 2.4 பட்டையில்தான் இருக்கிறது, அதன் சேனல்கள் 11 முதல் 26 வரை. நம்பர் ஒன்றாக இருந்தாலும் ஜிக்பீ 11 வேறு, வைஃபை 11 வேறு. ஜிக்பீ 11 என்பது 2405 மெகாஹெர்ட்ஸ், அதாவது வைஃபை 1 உட்கார்ந்திருக்கும் பாயிலேயே. என் ஜிக்பீ முதல் நாளிலிருந்து 11-இல் கிடந்தது. ஓவனிடமிருந்து காப்பாற்றக் கொண்டுபோன வைஃபையை நானே அதன் மேல் ஏற்றி உட்கார வைத்திருக்கிறேன். ஜிக்பீயை 25-க்கு மாற்றினேன். இரண்டு பல்பு மட்டும் அடம்பிடித்தன, ஸ்டூல் போட்டு ஏறி மறுபடி இணைக்க வேண்டியிருந்தது.

அப்படியும் முழுத் திருப்தி இல்லை. கடைசிக் குற்றவாளி டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ராஸ்பெர்ரி பையின் நீல நிற யூஎஸ்பி 3 துளை ஒன்றில் டேட்டா சேமிக்கும் எஸ்எஸ்டி, அதை ஒட்டிய துளையில் ஜிக்பீ பேச்சை வாங்கி அனுப்பும் சின்னக் குச்சி, அதாவது டாங்கிள். யூஎஸ்பி 3 வேகமாக டேட்டா அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. டாங்கிளைக் கறுப்பு யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றி, நடுவில் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வைத்தேன். மூன்று வருஷத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். செலவு முன்னூறு ரூபாய்கூட இல்லை. ஜிக்பீ வாங்குகிறவர்கள் அந்த ஒயரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. வெட் கிரைண்டர் ஒரு தொல்லையும் தந்ததில்லை. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒட்டிய கதவு சென்சார் வாரம் ஒருமுறை காணாமல் போனது, ஓரடி தள்ளி ஒட்டியதும் சரியானது. அம்மா சுவரில் இருக்கும் பல்பு சுவிட்சை அணைத்தால், அந்த பல்பு வழியாக ஹோம் அசிஸ்டன்டோடு பேசிக்கொண்டிருந்த சென்சாரும் சேர்ந்து தவிக்கும். சுவிட்ச் மேல் டேப் ஒட்டிப் பார்த்தேன், பிய்த்துவிட்டார். என் பங்குக்கு நானும் தொல்லை கொடுத்திருக்கிறேன்: மலிவாக வாங்கிய ஒரு ஸ்மார்ட் பல்பு எரிந்தால் அப்பாவின் மீடியம் வேவ் ரேடியோவில் உர்ரென்று சத்தம். அதைக் கழற்றி பால்கனியில் போட்டுவிட்டேன்.

ஓவனுக்கு அடுத்து இருக்கும் கெட்டில் பிளக் மட்டும் இன்றும் பால் சுடும் ஒன்றரை நிமிஷத்துக்குச் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதன் பொத்தானைக் கையால் அழுத்திக்கொள்கிறோம்.