மக்காச்சோளமா, குதிரைவாலியா? பேரையூர்க் கரிசலில் இருந்து

பேரையூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கரிசல், முழுக்க மானாவாரி. பல வருடம் மக்காச்சோளம் போட்டுவிட்டு, மூன்று வருடமாகக் குதிரைவாலி என்கிற சிறுதானியம் விதைக்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு படியுங்கள்.

விளைச்சலில் மக்காச்சோளம்தான் முன்னால் நிற்கும், அதில் பேச்சே இல்லை. வியாபாரி களத்துக்கே வருவார், கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிவிடும். ஆனால் வீரிய விதையை ஒவ்வொரு வருடமும் கடையில்தான் வாங்க வேண்டும். யூரியாவும் நிறையக் கேட்கும். பயிர் எடுத்தது போக மண்ணில் மிஞ்சும் யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கிற வாயு அது. 2018-இல் படைப்புழு நாட்டுக்குள் நுழைந்த பிறகு, குருத்துக்குள் மருந்தடிக்காமல் நான் ஒரு வெள்ளாமையும் எடுத்ததில்லை. மலையடிவாரத்திலிருந்து இறங்குகிற காட்டுப்பன்றி தனிக் கதை.

குதிரைவாலிக்கு 95 முதல் 100 நாள். புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் பொங்கலை ஒட்டி அறுப்பு. நான் போட்டது மதுரை வேளாண் கல்லூரியில் உருவான எம்டியு 1 என்கிற ரகம். ஒரு தடவை வாங்கியதோடு சரி, அப்புறம் விதை நம் களத்திலேயே இருக்கிறது. மழை ஏய்த்தால் மக்காச்சோளம் பூக்கும் தருணத்தில் மணி பிடிக்காமல் போகும். குதிரைவாலி வாடிக் கிடந்துவிட்டு அடுத்த மழைக்குத் தூர் கட்டி எழும்பும். மருந்தே அடிக்கவில்லை. தாளை மாடு விரும்பித் தின்கிறது. குருவிக்குக் கொஞ்சம் போகும், போகட்டும்.

இதெல்லாம் சரி, உமிதான் விஷயம். கம்பு, கேழ்வரகு மாதிரி அப்படியே திரிக்க முடியாது. எங்கள் அப்பத்தா உரலில் போட்டுக் குத்தியே வாழ்நாளில் பாதியைக் கழித்தார். இந்தச் சனம் குதிரைவாலியை விட்டு ரேஷன் அரிசிக்குப் போனதற்கு ருசியைவிட உலக்கைதான் காரணம் என்பேன். நெல் மில்லில் கொடுத்தாலும் சரிவராது, தானியம் பொடிசு. முதல் வருடம் சிறுதானிய மில் ஒன்றில் கொடுத்தேன். பச்சரிசி மாதிரி வெள்ளையாகத் தீட்டித் தந்தார்கள். வீட்டில் இரண்டு பேருக்குச் சர்க்கரை. நார்ச்சத்துக்காக விளைவித்ததைத் தவிட்டோடு மில்லில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மறு வருடம் "உமி மட்டும் போனால் போதும், தீட்ட வேண்டாம்" என்று பக்கத்திலேயே நின்று வாங்கினேன். அந்த அரிசி பழுப்பாக, நன்றாக இருந்தது. ஆனால் தவிட்டில் எண்ணெய் உண்டே, இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடித்துவிட்டது.

இப்போது உமியோடே மூட்டை கட்டி வைத்துவிடுகிறேன். அப்படி வைத்தால் வருடக்கணக்கில் கிடக்கும், வண்டு எளிதில் அண்டாது. மாதம் ஒரு மூட்டை மில்லுக்குப் போகிறது. மக்காச்சோளத்தை இப்படி வைக்க முடியுமா? ஈரம் கொஞ்சம் இருந்தாலே பூஞ்சை பிடிக்கும், சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டாக வேண்டும். குதிரைவாலியில் விலை பிடிக்கவில்லையென்றால் நாம் காத்திருக்கலாம், வீட்டுக்குச் சோறும் ஆச்சு.

விலையைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது மூன்று வருடம்தான்; அதில் ஒரு வருடம் மக்காச்சோளம் போட்ட பக்கத்துக் காட்டுக்காரர் என்னைவிடக் கூடுதலாகத்தான் எடுத்தார். மழை அடியோடு பொய்த்த வருடத்தையும் இதில் இன்னும் பார்க்கவில்லை. மில்லுக்குப் போய்வரத் தோதில்லாத ஊர் என்றால் முழு நிலத்தையும் மாற்றாதீர்கள், அரை ஏக்கரில் போட்டுப் பாருங்கள்.