ஹாஸ்டல் முகவரியில் ஓட்டா, ஊரிலேயே ஓட்டா?

சென்னையில் எம்.எஸ்சி. சேர்ந்தபோது என் ஓட்டைத் தென்காசியிலேயே விட்டுவைத்தேன், அறைத்தோழன் படிவம் 8 கொடுத்து ஹாஸ்டல் முகவரிக்கு மாற்றிக்கொண்டான். எது தேவலை என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். நான் ஊர்ப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதிப்படி இரண்டுமே சரி. அங்கீகாரம் பெற்ற படிப்பாக, ஓராண்டுக்குக் குறையாததாக இருந்தால், முதல்வரோ பதிவாளரோ டீனோ தரும் சான்றோடு ஹாஸ்டல் முகவரியில் பதியலாம். ரெண்டு இடத்திலும் வைத்துக்கொண்டால் என்ன என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கூடாது, பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. தபால் ஓட்டு மாணவர்களுக்குக் கிடையாது. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரத்தைக் காட்டத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டது, எதிர்ப்பு கிளம்பியது, அதோடு சரி.

ஹாஸ்டல் ஓட்டில் அலைச்சல் இல்லை, அதை மறுக்க மாட்டேன். 2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் அன்று காலையில் அறைத்தோழன் டிபனை முடித்து, நடந்தே போய்ப் போட்டுவிட்டு வந்து மறுபடி படுத்துவிட்டான். நான் முந்தின இரவே கிளாம்பாக்கத்தில் முட்டி மோதி பஸ் ஏறினேன். அதுவும் வெள்ளிக்கிழமை என்பதால் சனி, ஞாயிறு சேர்ந்து கிடைத்தது. புதன்கிழமை தேர்தல் வைத்திருந்தால் போயிருப்பேனா என்று சத்தியம் பண்ண முடியாது.

ஆனால் ஓட்டுப் போடுவது ஒரு நாள் வேலை, பட்டியலில் பெயர் நிலைத்திருப்பதுதான் பெரும்பாடு. 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) தொடங்கி பி.எல்.ஓ.க்கள் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள்) வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஊரில் எங்கள் தெரு பி.எல்.ஓ. அங்கன்வாடி டீச்சர். அம்மா என் படிவத்தையும் வாங்கி, நிரப்பி, தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, சீல் வைத்த நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார் (குடும்பத்தில் வயதுவந்த ஒருவர் போடலாம் என்று விதியே இருந்தது). அறைத்தோழனோ படிப்பை முடித்து ஓசூரில் வேலையில் இருந்தான், ஓட்டு மட்டும் ஹாஸ்டலில். அவன் அறையில் வேறு பையன், வார்டனும் மாறியாயிற்று, பி.எல்.ஓ. யாரிடம் போய்க் கேட்பார்? டிசம்பர் வரைவுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தமிழ்நாட்டில் அப்படி விடுபட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில் பெரும்பகுதி இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் கணக்குதான். புது வாக்காளர் மாதிரி படிவம் 6-லிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

பிஎச்.டி. என்று ஐந்தாறு வருஷம் இருக்கப்போகிறவர்கள், வடமாநிலத்திலிருந்து வந்து படிப்பவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம், அவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. கல்லூரி ஹாஸ்டல் இல்லாமல் வெளியே பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருப்பவர்கள் விஷயத்தை நான் கிட்டே இருந்து பார்த்ததில்லை, அவர்கள் பி.எல்.ஓ.விடமே கேட்டுக்கொள்வது நல்லது. கல்லூரிகள் முகாம் நடத்திப் பெயர் சேர்ப்பதில் காட்டும் சுறுசுறுப்பை அனுப்பிவைக்கும்போதும் காட்டி, டி.சி. கொடுக்கிற கவுண்டரிலேயே ஒரு படிவம் 8-ஐயும் நீட்டினால் நானும் ஹாஸ்டல் கட்சிக்கு மாறிவிடுவேன்.