சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்: பழைய எல்பி ஒன்றை வாங்கிக் கேட்ட கதை

கெரி லிவ்கிரென் என்று பெயர் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'டஸ்ட் இன் த விண்ட்' என்று சொல்லிப் பாருங்கள், கிதார் கற்றுக்கொண்ட எவனும் நிமிர்ந்து உட்காருவான். பெருவிரல் ஒரே சீராகத் தடித்த தந்திகளைத் தட்டிக்கொண்டிருக்க மற்ற விரல்கள் இடையில் புகுந்து புகுந்து வர வேண்டும், அந்த வித்தையை நான் பழகியதே அந்தப் பாட்டில்தான், மூன்று மாதம் ஆனது, வீட்டில் எல்லோரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அது பிறந்ததே பயிற்சியாகத்தானாம். கான்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிதார்காரரான லிவ்கிரென் விரல் பழக்கத்துக்காக வாசித்துக்கொண்டிருந்ததை அவர் மனைவி கேட்டுவிட்டு, இதற்கு வார்த்தை போடுங்கள் என்றிருக்கிறார். 1977இல் ஆல்பத்தில் வந்து, 1978இல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது.

அந்த மனுஷன் கிறிஸ்தவரான பிறகு போட்ட முதல் தனி ஆல்பம்தான் 1980இல் வந்த இந்த 'சீட்ஸ் ஆஃப் சேஞ்ச்'. எல்பியாக, இணையத்தில் ஒரு பழைய இசைத்தட்டு வியாபாரியிடம் வாங்கினேன். 'மிக நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் உறையின் அடிப்பக்கம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கிறது, முதல் பக்கத்தில் ஓர் இடத்தில் ஊசி தாவுகிறது. கேட்டதற்குப் பதிலே இல்லை. சரி, அது என் தலையெழுத்து, ஆல்பத்துக்கு வருவோம்.

கதை தெரியாமல் இதைக் கேட்டால் பாதிதான் புரியும். டஸ்ட் இன் த விண்ட் எழுதியபோது அவர் கிறிஸ்தவர் இல்லை, எதையோ தேடிக்கொண்டிருந்தவர். கீழைத் தத்துவம், அப்புறம் யுரான்ஷியா என்றொரு தடித்த ஆன்மிகப் புத்தகம், இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தார். 1979 சுற்றுப்பயணத்தில் கான்சாஸுக்கு முன் வாசித்த லெரூ குழுவின் ஜெஃப் பொல்லார்டு ஒரு கிறிஸ்தவர். பைபிளா யுரான்ஷியாவா என்று இரண்டு பேருக்கும் நாள்கணக்கில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் அந்தக் கோடையிலேயே ஒரு ஹோட்டல் அறையில் லிவ்கிரென் முழங்கால் போட்டுவிட்டார். நம் ஊர்ச் சபைகளில் சொல்வதுபோல, ரட்சிக்கப்பட்டார். அந்தப் பொல்லார்டும் இந்தத் தட்டில் பாடியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம், வாதத்தில் ஜெயித்தவனைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுப்பது எல்லோராலும் ஆகாது.

இனி பாட்டுகள். மொத்தம் ஏழே ஏழு. 'ஜஸ்ட் ஒன் வே' என்று தலைப்பிலேயே கையைப் பிடித்து இழுக்கிறது முதல் பாட்டு. இசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கீபோர்டும் கிதாரும் பின்னிக்கொண்டு ஓடும் பழைய கான்சாஸ் வேகம் அப்படியே இருக்கிறது, ஜெத்ரோ டல் குழுவில் வாசித்த பாரிமோர் பார்லோ வேறு இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார், கேட்க வேண்டுமா. வார்த்தையில்தான் எனக்கு இடிக்கிறது. தேடிக்கொண்டிருந்தபோது அவர் எழுதியதில் கேட்பவன் நுழைய இடம் இருந்தது. காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே என்று பட்டினத்தார் சொன்னதும், மாயை மாயை எல்லாம் மாயை என்று பைபிளில் பிரசங்கி சொன்னதும், இவர் காற்றில் பறக்கும் தூசி என்று எழுதியதும் கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான், அதனால்தான் கோயிலுக்குப் போகிறவனும் போகாதவனும் அதைப் பாடுகிறான். இங்கே விடை கிடைத்துவிட்டது, கிடைத்த கையோடு நம் முகத்துக்கு நேராக நீட்டுகிறார். புதிதாகச் சாட்சி சொல்ல எழுந்தவரின் அவசரம். தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் 'ஹவ் கேன் யூ லிவ்' போன்ற பாட்டில் அது களைப்பாக இருக்கிறது.

ஆனால் ரானி ஜேம்ஸ் டியோ பாடிய இரண்டு பாட்டுகள் இருக்கின்றனவே, 'மாஸ்க் ஆஃப் த கிரேட் டிசீவர்', 'டு லிவ் ஃபார் த கிங்', இவற்றுக்காகவே முழுக் காசையும் கொடுக்கலாம். சாத்தான் பெயரோடு சேர்த்தே பேசப்பட்ட பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் குழுவில் 1979இல் சேர்ந்தவர் டியோ, அங்கே அவர் பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்ததும் அதே 1980இல்தான். சாத்தானைப் பற்றிய பாட்டுக்கு சப்பாத் பாடகரா என்று சில கிறிஸ்தவ ரசிகர்கள் முகம் சுளித்தார்களாம். சுளிக்கட்டும். 'டு லிவ் ஃபார் த கிங்'கில் முதலில் குரல் கிட்டத்தட்டத் தாழ்ந்தே நிற்கிறது, ப்ளூஸ் மாதிரி மெதுவாக நகர்கிறது, பிறகு ஒவ்வொரு படியாக ஏறி ஏறி உச்சிக்கு வரும்போது லிவ்கிரென்னின் கிதார் அதே சுருதியில் வந்து சேர்ந்துகொள்கிறது, இரண்டில் எது குரல் என்று ஒரு நொடி தடுமாறினேன். எழுதியவரே பாடியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும். அந்த அவசரம் டியோவுக்கு இல்லை, அவருக்கு இது பாட்டு, அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வருகிறது.

கடைசிப் பாட்டு 'கிரவுண்ட் ஜீரோ' நீளம், எட்டு நிமிடத்துக்கு மேல், உலக முடிவு சமாச்சாரம். கான்சாஸ் ரசிகர்களுக்கு இதுதான் வீட்டுச் சாப்பாடு. மற்ற இரண்டும் சுமார்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எதைக் கேட்பது என்று கேட்பீர்கள். லிவ்கிரென் கான்சாஸிலேயே 1983 வரை இருந்தார். 1981இல் பாடகர் ஸ்டீவ் வால்ஷ் குழுவை விட்டு விலகினார், பாட்டுகள் போகும் திசை அவருக்கு ஒத்துவரவில்லை. பிறகு பாஸ் வாசித்த டேவ் ஹோப்பைக் கூட்டிக்கொண்டு ஏடி என்ற குழுவை ஆரம்பித்தார் லிவ்கிரென், ஹோப் பின்னாளில் ஆங்கிலிக்கன் பாதிரியாராகவே ஆகிவிட்டார். ஏடி தட்டுகளில் எண்பதுகளின் சிந்தசைசர் வாடை தூக்கல், அவற்றை நான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. அதைவிட 2000இல் பழைய கான்சாஸ் ஆட்களோடு சேர்ந்து முழுக்க அவரே எழுதிக் கொடுத்த 'சம்வேர் டு எல்ஸ்வேர்' எவ்வளவோ மேல், அதில் அவசரமெல்லாம் அடங்கிவிட்டது. 2009இல் பக்கவாதம் வந்து, மெல்ல மெல்ல மீண்டும் வாசிக்கப் பழகினார்.

ஐந்துக்கு மூன்றரை. என்னைப் போல எல்பிக்காக அலைய வேண்டாம், முதலில் டியோ பாட்டு இரண்டையும் நல்ல ஹெட்போனில் கேளுங்கள், பிடித்தால் மிச்சம். அப்படியும் எல்பிதான் வேண்டும் என்றால், வியாபாரியிடம் உறையின் அடிப்பக்கத்தையும் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தும் படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு அனுப்புங்கள்.