செரிமான மண்டலத்தின் முழு அளவு உடற்கூற்று மாதிரி: ஒரு மதிப்புரை

பலகையில் பொருத்தப்பட்டு மூன்று பாகங்களாகப் பிரியும் செரிமான மண்டல மாதிரி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. வாய்க்குழியிலிருந்து ஆசனவாய் வரையிலான பாதை முழுவதும் உண்மையான அளவில் வார்க்கப்பட்டுள்ளது. இரைப்பையின் முன்சுவரும் குறுக்குப் பெருங்குடலும் தனித்தனியே கழன்று வருகின்றன. உறுப்புகளின் மேல் எண்கள் பொறிக்கப்பட்டிருக்க, அவற்றுக்குரிய பெயர்களை உடன் வரும் கையேடு தருகிறது. செவிலியர் படிப்பிலும் மருத்துவப் படிப்பின் முதலாண்டிலும் உள்ள மாணவர்களுக்குப் பாடம் நடத்த இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். மேல்வயிற்று உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவிகள் குறைவு. ஆனால் அந்த உறுப்புகள் எதனால் தாங்கப்படுகின்றன, எங்கிருந்து குருதியைப் பெறுகின்றன என்ற கேள்விக்கு இந்த மாதிரியில் ஏறக்குறைய விடையே இல்லை. வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

தலையும் கழுத்தும் நடுக்கோட்டில் வெட்டிக் காட்டப்பட்டுள்ளன. நாக்கு, அண்ணம், தொண்டை, குரல்வளை மூடி ஆகியவை சரியாகவே அமைந்துள்ளன. விழுங்கும்போது உணவும் காற்றும் எந்த இடத்தில் பாதை மாறுகின்றன என்பதை விளக்க இவ்வளவு போதும். உணவுக்குழாயில்தான் முதல் குறை தென்படுகிறது. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாய், மாதிரியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அகலத்தில் இறங்குகிறது. உண்மையில் அதற்கு இயல்பான நான்கு குறுகல்கள் உண்டு: அதன் தொடக்கத்தில் ஒன்று, பெருநாடி வளைவு குறுக்கிடும் இடத்தில் ஒன்று, இடது மூச்சுக்கிளைக் குழல் அழுத்தும் இடத்தில் ஒன்று, உதரவிதானத்தைக் கடக்கும் இடத்தில் ஒன்று. முன்வெட்டுப் பற்களிலிருந்து அளந்தால் இவை சுமார் 15, 22, 27, 40 செ.மீ. தொலைவில் அமைகின்றன. எண்டோஸ்கோப்பி செய்பவர்கள் இந்தத் தொலைவுகளை வைத்தே தாம் எங்கிருக்கிறோம் என்று கணிக்கிறார்கள். குழந்தை விழுங்கிய நாணயம் பெரும்பாலும் முதல் குறுகலிலேயே சிக்கிக்கொள்கிறது. இத்தனை பயனுள்ள ஒரு செய்தியை வார்ப்பில் சற்றே மாற்றம் செய்து காட்டியிருக்க முடியும்.

இரைப்பையைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. முன்சுவரைக் கழற்றினால் உட்புற மடிப்புகள் நீளவாக்கில் ஓடுவதும், இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸை நெருங்கும்போது தசை தடித்துச் சுருக்குத் தசையாக மாறுவதும் தெளிவாகத் தெரிகின்றன. வெட்டப்பட்ட விளிம்பில் மூன்று தசை அடுக்குகளையும் வெவ்வேறு வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். குடலின் மற்றப் பகுதிகளில் இரண்டே அடுக்குகள் இருக்க, இரைப்பையில் மட்டும் உட்புறம் சாய்வான ஓர் அடுக்கு கூடுதலாக இருப்பதை மாணவர்கள் தாமாகவே கண்டு கேட்கிறார்கள். உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தைவிட ஃபண்டஸ் என்னும் இரைப்பையின் மேற்பகுதி உயர்ந்து நிற்பதும் சரியாக அமைந்திருக்கிறது. நின்றநிலையில் எடுக்கப்படும் எக்ஸ்ரே படத்தில் உதரவிதானத்தின் இடப்பக்கத்துக்குக் கீழே காற்றுக் குமிழி ஏன் தெரிகிறது என்பதை இதை வைத்தே விளக்கிவிடலாம்.

இந்த மாதிரியை வாங்குவதற்கான உண்மையான காரணம் இரைப்பைக்குப் பின்னாலும் கீழும் இருக்கிறது. குறுக்குப் பெருங்குடலைக் கழற்றியவுடன், டியோடினம் என்னும் முன்சிறுகுடல் கணையத்தின் தலையை வளைத்துக்கொண்டிருக்கும் காட்சி முழுமையாக வெளிப்படுகிறது. கணையம் முன்புறத் தளத்தில் வெட்டப்பட்டு, அதன் முதன்மை நாளமும் துணை நாளமும் வெள்ளை நிறத்தில் காட்டப்பட்டுள்ளன. பித்தநாளம் பச்சை நிறத்தில் கல்லீரலிலிருந்து இறங்கி, முன்சிறுகுடலின் முதல் பகுதிக்குப் பின்னால் மறைந்து, கணையத் தலைக்குள் புகுந்து, இரண்டாம் பகுதியின் உட்சுவரில் உள்ள பெரிய முகட்டில் கணைய நாளத்துடன் சேர்ந்து திறக்கிறது. அந்த வாயைக் கட்டுப்படுத்தும் சுருக்குத் தசையை 1887-இல் இத்தாலிய ஆய்வாளர் ருஜெரோ ஓடி விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது. அதற்குச் சில செ.மீ. மேலே துணை நாளம் திறக்கும் சிறிய முகடும் விடுபடாமல் குறிக்கப்பட்டிருக்கிறது. விலை கூடிய மாதிரிகளில்கூட இதைப் பல நேரங்களில் காண முடிவதில்லை.

நோயாளியின் படுக்கையருகே எழும் எத்தனையோ கேள்விகளுக்கு இந்த ஒரு பகுதி விடை தருகிறது. பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல் அந்தப் பொது வாயில் சிக்கினால், பித்தம் தேங்கி மஞ்சள் காமாலை வருவதோடு கணைய அழற்சியும் ஏற்படக்கூடும். இரண்டு உறுப்புகள் ஒரே கல்லால் பாதிக்கப்படுவது எப்படி என்று வாயால் விளக்கும்போது குழம்பும் மாணவர், பச்சைக் கோடும் வெள்ளைக் கோடும் ஒன்று சேரும் இடத்தில் விரலை வைத்தவுடன் புரிந்துகொள்கிறார். கணையத் தலையில் வளரும் புற்றுநோய் வலியில்லாத மஞ்சள் காமாலையாகத் தன்னை வெளிப்படுத்துவதற்கும், அதே நோய் கணையத்தின் வாலில் வளர்ந்தால் நெடுநாள் அறிகுறியின்றி இருந்துவிடுவதற்கும் காரணம் இங்கேயே கண்முன் இருக்கிறது: பித்தநாளம் தலையின் வழியே செல்கிறது, வாலின் அருகில் அது இல்லை.

இவ்வளவு கவனமாக வார்த்தவர்கள் அதே இடத்தில் சிரைகளை விட்டுவிட்டது வருத்தம் தருகிறது. கணையத்தின் கழுத்துக்குப் பின்னால்தான், குடலிலிருந்து குருதியைக் கொண்டுவரும் மேல் மெசென்டரிச் சிரையும் மண்ணீரல் சிரையும் கூடிப் போர்ட்டல் சிரையாகின்றன. கல்லீரலுக்குச் செல்லும் குருதியில் நான்கில் மூன்று பங்கை அந்தச் சிரையே கொண்டுசேர்க்கிறது. குடலில் உறிஞ்சப்பட்ட சத்துப்பொருள்களும் வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளும் உடலெங்கும் பரவுவதற்கு முன் கல்லீரலைக் கடப்பது இதனால்தான். கல்லீரல் சுருங்கி இறுகும்போது இதே சிரையில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் சிரைகள் புடைக்கின்றன. இந்தத் தொடர்பைச் சொல்லித்தர மாதிரியை ஒதுக்கிவிட்டுக் கரும்பலகைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

கல்லீரலின் வடிவம் சரி, விளக்கம்தான் பழையது. கையேடு அதை அரிவாள் வடிவ இணையத்தை எல்லையாகக் கொண்டு வலது மடல், இடது மடல் என்று பிரிக்கிறது. புறத்தோற்றத்துக்கு இது பொருந்தும். ஆனால் குருதி ஓட்டத்தின்படி வலது, இடது பாதிகளைப் பிரிக்கும் கோடு பித்தப்பையின் குழியிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை நோக்கிச் செல்கிறது. 1957-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் குய்னோ வகுத்த எட்டுப் பகுதிகளே இன்றைய கல்லீரல் அறுவைக்கும் ஸ்கேன் அறிக்கைகளுக்கும் அடிப்படை. கையேட்டில் ஒரே ஒரு சிறு படம் சேர்த்திருந்தால் இந்தக் குறை தீர்ந்திருக்கும்.

சிறுகுடலுக்கு வரும்போது என் மனநிறைவு வெகுவாகக் குறைகிறது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஓர் உறுப்பு, ஒரே நிறத்தில் ஒரே திரளாக வார்க்கப்பட்டுப் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனம் எங்கே முடிகிறது, கடைப்பகுதியான இலியம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. இரண்டுக்கும் இடையே கூர்மையான எல்லை கிடையாது என்பது உண்மைதான். ஆயினும் முதல் ஐந்தில் இரண்டு பங்கு தடித்த சுவரும் நெருக்கமான வட்ட மடிப்புகளும் கொண்டது, மீதி மூன்று பங்கில் மடிப்புகள் குறைந்து நிணநீர்த் திட்டுகள் மிகுகின்றன என்பதை இரண்டு இடங்களில் சுவரைத் திறந்து காட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை மெசென்டரி என்னும் குடல்தாங்கி அறவே இல்லாதது. இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் இடப்பக்கத்திலிருந்து வலது சாக்ரோஇலியாக் மூட்டு (திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடம்) நோக்கிச் சாய்வாக இறங்கும் அதன் வேர் ஏறக்குறைய 15 செ.மீ. நீளமே உடையது. அந்தச் சிறு கோட்டிலிருந்து விசிறியாக விரிந்தே அது குடலின் முழு நீளத்தையும் தாங்குகிறது. தமனிகளும் சிரைகளும் நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும் அதன் இரு படலங்களுக்கு இடையேதான் குடலை அடைகின்றன. குடல் முறுக்கிக்கொள்ளும்போது இந்த விசிறியும் சேர்ந்தே முறுகி, அதனுள் ஓடும் குருதி தடைபட்டு, சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும் ஆபத்து உருவாகிறது. மாதிரியை மட்டும் பார்த்துப் படிப்பவர், குடல் வயிற்றுக்குள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் குவிந்து கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டே தேர்வுக்குப் போய்விடுவார்.

கையேட்டில் திருத்தப்பட வேண்டிய ஓர் எண்ணும் இருக்கிறது. குடலின் உட்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவுடையது என்று அது சொல்கிறது. பல பாடநூல்களில் நெடுங்காலம் இருந்த கூற்று இது. 2014-இல் வெளியான மறு அளவீடு, செரிமானப் பாதை முழுவதன் உட்பரப்பே சராசரியாகச் சுமார் 32 சதுர மீட்டர்தான் என்று காட்டியது. அதாவது பழைய மதிப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. நுண்விரல்களும் நுண்மயிர்களும் பரப்பைப் பெருக்குகின்றன என்ற கருத்து இதனால் மாறிவிடவில்லை, எவ்வளவு பெருக்குகின்றன என்பதே மாறியிருக்கிறது.

பெருங்குடலில் மாதிரி மீண்டும் தன் தரத்துக்கு வருகிறது. அதன் வெளிப்புறத்தில் ஓடும் மூன்று தசைப் பட்டைகளும், அவை இழுத்துப் பிடிப்பதால் உண்டாகும் பைபோன்ற புடைப்புகளும், ஆங்காங்கே தொங்கும் கொழுப்புத் துண்டுகளும் பொறுமையாகச் செய்யப்பட்டுள்ளன. பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீக்கத்தின் சுவரில் வெட்டப்பட்ட சிறு சாளரம் வழியாக இலியம் நுழையும் வாயும் குடல்வாலின் துளையும் தெரிகின்றன. மூன்று பட்டைகளும் குடல்வாலின் அடியில் ஒன்றுகூடுவதை வார்ப்பு பிழையின்றிக் காட்டுகிறது. வீங்கிய குடல்வாலை அறுவையின்போது தேடும் மருத்துவர் முன்பட்டையைப் பின்தொடர்ந்தே அதைச் சென்றடைகிறார் என்பதை இங்கே சொல்லித்தர முடிகிறது. குடல்வாலின் நுனி மட்டும் கீழ்நோக்கித் தொங்கும்படி நிலையாக ஒட்டப்பட்டிருக்கிறது. அடி நிலையானது, நுனி ஆளுக்கு ஆள் இடம் மாறுவது. சீக்கத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதே மிகப் பரவலான நிலை. அவ்வாறு ஒளிந்திருக்கும்போது வயிற்றின் முன்சுவரை அழுத்தினால் வலி மங்கலாகவே தெரியும். ஆகவே நுனியைச் சுழலும்படி அமைப்பது அழகுக்காக அல்ல, நோயறிதலுக்காகவே தேவைப்படுகிறது.

மலக்குடலும் ஆசனவாய்க் குழலும் திறந்து காட்டப்பட்டிருந்தாலும், பல்வரிக் கோடு என்று வழங்கும் எல்லை குறிக்கப்படவில்லை. அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள படலம் வலியை உணராது, கீழே உள்ளது கூர்மையாக உணரும். உள்மூலம் வலியின்றிக் குருதி கசிவதற்கும், ஆசனவாய் வெடிப்பு தாங்க முடியாத வலி தருவதற்கும் இதுவே காரணம். மெல்லிய தூரிகையால் ஒரு சிவப்புக் கோடு வரைந்துகொண்டால் போதும். வாங்குபவர்கள் தாமே அதைச் செய்துகொள்ளலாம்.

கையேட்டின் பெயர்ப்பட்டியல் பாராட்டத் தக்கது. 1895-இல் பாசல் நகரில் உடற்கூற்றுப் பெயர்கள் முதன்முறை ஒழுங்குபடுத்தப்பட்டதிலிருந்து, கண்டறிந்தவரின் பெயரைவிட உறுப்பை விவரிக்கும் பெயருக்கே முன்னுரிமை தரப்படுகிறது. 1998-இல் வெளியான பன்னாட்டுப் பட்டியலும் அதே வழியைப் பின்பற்றியது. மருத்துவமனையிலோ வாட்டர் (பித்தமும் கணைய நீரும் சேரும் பொது வாய்), ஓடி (அதன் சுருக்குத் தசை), விர்சுங் (கணையத்தின் முதன்மை நாளம்) என்ற பெயர்கள் இன்றும் நாள்தோறும் காதில் விழுகின்றன. கையேடு இரண்டையும் அருகருகே தருவதால், தேர்வுக்குப் படிப்பவரும் பணியில் சேர்ந்தவரும் ஒருங்கே பயன்பெறுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் உள்ள சொல்லாக்க அட்டவணையும் நல்லது: ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, ‘எக்டமி’ என்றால் அகற்றுதல், ‘ஆஸ்டமி’ என்றால் புதிய திறப்பை உருவாக்குதல் என்று சுருக்கமாக விளக்கியிருக்கிறார்கள். பெருங்குடலை அகற்றும் கோலெக்டமியும் பித்தப்பையை அகற்றும் கோலிசிஸ்டெக்டமியும் ஒலியில் நெருங்கி நின்று தொடக்க மாணவர்களைத் தடுமாற வைக்கின்றன. இப்படிப்பட்ட இணைகளுக்கு ஒரு தனிக் கட்டம் சேர்த்திருந்தால் பட்டியல் இன்னும் பயன்பட்டிருக்கும்.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை, வண்ணம் பல கைகள் பட்டும் மங்கவில்லை. கழலும் பாகங்களைப் பிடித்திருக்கும் உலோக முளைகள் மட்டும் நாளடைவில் தளர்கின்றன. ஈரத் துணியால் துடைத்தாலே சுத்தமாகிவிடுகிறது. ஸ்பிரிட் பட்டால் எண்கள் கரைகின்றன என்பதை விற்பவர்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இதை வாங்கும் நிறுவனங்கள் வயிற்றின் பின்சுவரையும் குருதிக்குழாய்களையும் காட்டும் ஒரு விளக்கப்படத்தையும் சேர்த்தே வாங்குவது நல்லது. பெருநாடியிலிருந்து முன்புறமாகக் கிளைக்கும் சீலியாக் தமனி, மேல் மெசென்டரித் தமனி, கீழ் மெசென்டரித் தமனி ஆகிய மூன்றும் முறையே முன்குடல், நடுக்குடல், பின்குடல் என்னும் கருவியல் பகுதிகளுக்குக் குருதி தருகின்றன. அந்தந்தப் பகுதியின் வலியும் மேல்வயிறு, தொப்புளைச் சுற்றி, அடிவயிறு என்று தனித்தனியே உணரப்படுகிறது. குடல்வால் அழற்சியின் வலி முதலில் தொப்புளருகே தொடங்கிப் பின்னர் வலது அடிவயிற்றுக்கு நகர்வதை விளக்க, மாதிரியும் அந்தப் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாக வேண்டும். குடல்தாங்கியைக் காட்ட, நீண்ட துணி ஒன்றின் ஓர் ஓரத்தை மட்டும் நெருக்கமாகச் சுருக்கித் தைத்து மறு ஓரத்தை விரியவிட்டு, தைத்த ஓரத்தைப் பலகையின் மேல் சாய்வாக வைத்துக் காட்டலாம்.